முதல் மழைக்கான மூடி

என் பட்டறையில் ஒரு பெயர்ப்பலகை காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், பீங்கான் மண்ணில் வார்த்தது. ஈரம் இன்னும் போகவில்லை. கிட்டப் போனால் பச்சை மண் வாசனை அடிக்கிறது. இந்த வாசனை உனக்கு ஆகாது. என் பட்டறைக்குள் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்துக்கொண்டு, வாய்க்கால் தூர்வாரின மாதிரி நாறுது என்பாய். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன், சிரிக்காதே. மேலே "மழைநீர் சேகரிப்புப் பூங்கா". அதற்குக் கீழே நம் நகர் நலச் சங்கத் தலைவர் பெயர், செயலாளர் பெயர், பொருளாளர் பெயர். எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில், திறந்துவைக்க வருகிறவர் பெயர். அவர் இதுவரை நம் நகர் பக்கம் தலைகாட்டியதே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை வந்து, ரிப்பன் வெட்டி, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

உன் பெயர் அதில் இல்லை.

ஆமாம், உன் தொட்டியைத்தான் திறக்கிறார்கள். நீ தோண்டியது. அவர்கள் நாலு டிராக்டர் மண் கொட்டி மூடியது. மூடிய இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற சிமெண்ட் பென்குயின் ஒன்றை வைத்து, அதன் வயிற்றில் "என்னை உபயோகி" என்று எழுதி, குப்பைத்தொட்டி ஆக்கியது. அதே இடம். பென்குயினைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அதே குழியைத் திரும்பத் தோண்டி, அதற்குப் புதுத் திட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்கமெல்லாம் அவர்களுக்கு எட்டாத சமாச்சாரம்.

போன ஐப்பசியில் நீ போய்விட்டாய். இந்தப் பங்குனியில் அவர்களுடைய போர்வெல் வற்றிக் காற்று வாங்கியது. ஆறு மாதம் பொறுத்திருந்தாயானால் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர்களைப் பழிக்க மட்டும் நான் இந்த மடலை எழுதவில்லை. அவர்களைப் பழிக்க எனக்கு என்ன யோக்கியதை என்பதும் இதில் வரும். அந்தத் தொட்டி விஷயத்தில் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லித் தீர்க்காமலேயே உன் கபருக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கும் மழை பெய்தது. வாழ்நாள் முழுக்க மண்ணிலேயே புழங்கிய கை, அந்த மூன்று பிடிக்குக் கூசியது.

நீ வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருடம் நினைவிருக்கிறதா? உன் கூட வந்தவர்கள் செண்ட்டும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். நீ ஒரு பெட்டி நிறையச் சொட்டுக் குழாய் முனைகள் கொண்டுவந்தாய். இருபத்திரண்டு வருடம் அங்கே ரோட்டு நடுவில் இருக்கிற செடிகளுக்குத் தண்ணீர் விட்டாய். பாலைவனத்தில் புல்வெளி, பேரீச்சை வரிசை, கலர் கலராகப் பூ. எல்லாமே ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் பண்ணி எடுத்த தண்ணீர். சொட்டுச் சொட்டாக அளந்து விட்டாயாம். ஒரு முனை அடைத்துக்கொண்டால் அதை ஊசியால் குத்திச் சரிபண்ணுவதற்கு ஒரு ஆள், அந்த ஆளைப் பார்க்க ஒரு ஆள். அங்கே மழை வருடத்துக்கு ஒரு தரம் வந்தால் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள் என்றாய். அந்தக் கண்ணோடு நம் நகருக்கு வந்து இறங்கினாய். உனக்கு எதைப் பார்த்தாலும் ஆத்திரம் வந்தது.

வந்த முதல் வாரமே என்னை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாய். கையில் ஒரு குச்சி. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற மழைநீர்க் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றால் அந்தக் குழாய் இருக்க வேண்டும் என்று சட்டம். நம் ஆட்கள் சட்டத்தை மீறுகிறவர்களா? ஒரு வீடு விடாமல் குழாய் இருந்தது. குழாய்க்குக் கீழே குழிதான் இல்லை. ஒரு வீட்டில் குழாய் கார் நிற்கிற சிமெண்ட் தரைக்கு நாலு விரல்கடை மேலேயே நின்றுவிட்டது. ஒரு வீட்டில் துளசி மாடத்தின் முதுகில் போய் முட்டியது. கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்து இங்கே வீடு கட்டிய நம் செயலாளர் வீட்டில் குழாயின் வாயையே சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார், பாம்பு ஏறிவிடுமாம். பூமியைக் குடைந்தால் தண்ணீர் எங்கே ஓடும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்த மனிதர். தலைவர் வீட்டுக் குழாய்க்கு மட்டும் கீழே ஒரு மூடி இருந்தது. நீ ஆவலோடு அதைத் தூக்கிப் பார்த்தாய். உள்ளே செருப்பு வைத்திருந்தார்கள்.

கடைசியில் என் வீட்டுக்கு வந்தோம். என் குழாய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் மறைந்தது. நீ குனிந்து பார்த்தாய்.

"ஏண்டா, இது எங்க போவுது?"

"பிளானுக்காக வச்சது" என்றேன்.

"பிளானுக்குத் தண்ணி ஊத்தறீங்களா எல்லாரும்? அங்க சாக்கடைய வடிகட்டிப் பூ பூக்க வைக்கிறான். இங்க வானத்துலேர்ந்து சுத்தமா வருது, அதக் கொண்டாந்து சாக்கடைல உடுறீங்க. த்தூ."

நிஜமாகவே துப்பினாய். என் வீட்டு வாசலில். என் மனைவி உள்ளேயிருந்து பார்த்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் முகம் சரியில்லை. எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். நீ அவர்களையும் என்னையும் ஒரே தராசில் வைத்தாயே என்று ஒரு சின்ன வருத்தம் மட்டும் இருந்தது. இருந்தாலும் அடுத்த மாதம் ஆள் வைத்து ஒரு குழி வெட்டினேன். நீ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாய். உன் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

அப்புறம்தான் பூங்கா. மனைப் படத்தில் பச்சை மையால் "பூங்கா" என்று எழுதிய மூலை மனை. முள்செடியும், ஒரு உடைந்த சிமெண்ட் பெஞ்சும், யாரோ கட்டிப்போட்ட ஒரு ஆடும்தான் அதில் இருந்தன. தலைவருக்கு ஒரு கனவு இருந்தது. புதுச்சேரியில் ஏதோ ரிசார்ட்டில் கொரியன் புல் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி இங்கேயும் போட வேண்டும், போர் போட வேண்டும், தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்ச வேண்டும். உரக்கடை வைத்துச் சம்பாதித்தவர், மண்ணைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. கூட்டத்தில் நீ எழுந்து, பக்கத்திலேயே சமுதாயக் கூடம் இருக்கிறது, அதன் தகரக் கூரை அகலமானது, அதில் விழுகிற மழையைப் பிடித்தால் ஒரு வருடத்துக்குச் செடிக்குப் போதும் என்றாய். புல் வேண்டாம், அரளி வை, செம்பருத்தி வை, நந்தியாவட்டை வை, ஓரத்தில் புங்கன் வை என்றாய். தலைவர் சிரித்தார். பாய் பாலைவனத்திலேயே இருந்து பழகிவிட்டார், நம்மையும் ஒட்டகம் மேய்க்கச் சொல்வார் போல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு, "ஒட்டகத்துக்குத் தண்ணியச் சேத்து வச்சிக்கத் தெரியும் தலைவரே" என்றாய். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அவர்கள் ஒப்புக்கொண்டது, உன் உழைப்பு இலவசம் என்பதால்தான். தொட்டியை நீயே ஆள் பிடித்துத் தோண்டினாய். வடிகட்டிக்கு என் பட்டறைக்குப் பின்னால் கிடந்த உடைசல் மலையிலிருந்து மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனாய். விரிசல் விட்ட பொம்மை, காது உடைந்த ஜாடி, சூளையில் கோணிப்போன அகல். அவற்றை இன்னும் சின்னதாக உடைத்து, அதன் மேல் கரி, அதன் மேல் மணல். அள்ளும்போதெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணாமல் ஒரு மூட்டை கட்டியது இல்லை. "ஒன் பட்டறைல கீறல் இல்லாத உருப்படி ஒண்ணே ஒண்ணக் காட்டுடா, நான் மெக்கா போயிட்டு வந்த மாரி சந்தோசப்படறேன்" என்பாய். நானும் உள்ளே போய் நல்லதாக ஒன்று தேடி எடுத்து வருவேன். நீ அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கேயாவது மயிரிழை போல ஒரு கோட்டைக் கண்டுபிடித்து, அதையும் மூட்டையில் போட்டுவிடுவாய்.

உன் வேலையிலேயே முக்கியமானது அந்த மூடி. கூரையிலிருந்து வருகிற குழாய் தொட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு கிளை, அதன் நுனியில் கையளவு திருகு மூடி. மூடியைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தொட்டிக்குப் போகாது, வெளியே போய்விடும். நம் நகரை ஒட்டியே பீங்கான் தொழிற்பேட்டை, மதிலுக்கு அந்தப் பக்கம் மண் அரைக்கிற மில். கோடை முழுக்க அங்கிருந்து பறக்கிற வெள்ளைத் தூசு சமுதாயக் கூடத்துக் கூரையில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடக்கும். அது கழுவிப் போகிற வரைக்கும் தண்ணீரை உள்ளே விடக்கூடாது. "மொத மழ கூரையக் குளிப்பாட்டறதுக்கு. ரெண்டாவது மழதான் நமக்கு" என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குக் காசா பணமா.

முதல் வருடம் தொட்டி நிரம்பியது. அடுத்த சித்திரையில் ஊரே வறண்டு கிடக்கும்போது நம் மூலை மனை மட்டும் பச்சையாக இருந்தது. செம்பருத்தி பூத்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைப் பறித்துக் காதில் வைத்துக்கொண்டு, இந்த வருடம் வெயில் கம்மி, அதனால்தான் செடி நிற்கிறது என்று உன் காதுபடப் பேசினார்கள். தலைவர் செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். படத்தின் ஓரத்தில் நீ குனிந்து குழாய் முனையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தாய். உன் முதுகு பாதி தெரிந்தது.

இரண்டாம் வருடம் ஆடி மாதம். உன் மனைவிக்குக் கண் ஆபரேஷன், சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று வாரம். கிளம்புகிற அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய் அந்த மூடிக்கு முன்னால் நிறுத்தினாய்.

"மழ வந்தா வந்து இதத் தொறந்து உட்டுடு. அர மணி நேரம். தண்ணி தெளிஞ்சதும் மூடிடு. வேற ஒரு வேலையும் வாணாம் ஒனக்கு."

"சரிடா, நான் பாத்துக்கறேன். நீ போ" என்றேன்.

நீ போய் பத்தாவது நாள் மழை வந்தது. எங்கே இருந்தேன் தெரியுமா? தலைவர் வீட்டு போர்டிகோவில். சங்கத்து ஆண்டுவிழாவுக்குப் பேச உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். சூடாக வாழைக்காய் பஜ்ஜி வந்தது. முதல் துளி விழுந்ததும் புழுதி வாசனை எழுந்தது, எனக்கு உடனே மூடி ஞாபகம் வந்துவிட்டது. மறந்துபோனேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மறக்கவில்லை. அங்கிருந்து பூங்கா ஐம்பது தப்படி தூரம்தான். எழுந்துகொள்ளக் காலை ஊன்றினேன்.

அப்போது செயலாளர் சொன்னார்: "பாய் இருந்திருந்தா இந்நேரம் லுங்கிய மடிச்சிக் கட்டிக்கிட்டு மூடியத் தொறக்க ஓடியிருப்பாரு."

தலைவர் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே உன்னைப் போல ஓடிக் காட்டினார். குடையைப் பிடிப்பது போல, லுங்கி தடுக்கி விழுவது போல. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் எழுந்து அந்த மழையில் ஓடினால் அந்தச் சிரிப்பு யார் மேல் விழும்? நானும் சிரித்தேன். ஊன்றிய காலை எடுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தேன். இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். மழை முக்கால் மணி நேரம் பெய்தது. தகரக் கூரையில் அது அடிக்கிற சத்தம் போர்டிகோ வரைக்கும் கேட்டது. மறுநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் போகவில்லை.

என் தொழிலே மண்ணைத் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றுவது. அந்தக் கரைசலை அச்சில் ஊற்றி வைத்தால் ஓரமெல்லாம் ஒட்டி இறுகும், அப்படித்தான் பொம்மையே உருவாகிறது. கூரையிலிருந்து உன் தொட்டிக்குள் இறங்கியதும் அதே கரைசல்தான். சொட்டுக் குழாயின் ஒவ்வொரு முனையிலும் அது போய் இறுகியது. செடிகளின் அடியில் ஒரு வெள்ளை ஓடு கட்டியது. ஆவணியில் மழை நின்று வெயில் கொளுத்தியபோது தண்ணீர் தொட்டியில் இருந்தது, செடிக்குப் போகவில்லை. இந்த ஊரில் பூவுக்கு ஊற்றுகிற தண்ணீரே பீங்கானாக மாறுகிற விந்தையை நான் நடத்திக் காட்டினேன்.

நீ வந்தாய். வந்த மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டாய். செம்பருத்தி குச்சியாக நின்றது. நந்தியாவட்டை கருகிவிட்டது. நீ தொட்டிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து அள்ளி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாய். பால் போல வழிந்தது. அந்தத் திருகு மூடி புதிது போலப் பளிச்சென்று இருந்தது, கழுவியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னடா இது?" என்றாய்.

எனக்குத் தெரியாதா? நகரிலேயே அதை ஒரு பார்வையில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். "கூரைல அடிச்ச சுண்ணாம்பா இருக்கும்" என்றேன்.

"மொத மழைக்கு மூடி தொறந்தியா?"

"தொறந்தேன்."

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சரி என்று சொல்லிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தலைவர் எழுந்து, உடைந்த பொம்மையைப் போட்டு வடிகட்டினால் இப்படித்தான் ஆகும் என்று ஆரம்பித்தார். செடி செத்தது, கொசு வந்தது, ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து விழுந்திருந்தால் என்ன ஆவது என்று ஒவ்வொருவராக அடுக்கினார்கள். பிள்ளை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொட்டியில் குறை இல்லை, நான்தான் மூடியைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். நீ எழுந்தாய். வழக்கமாக அவர்களை நாலு வாங்கு வாங்குவாயே, அன்றைக்கு அது இல்லை. "தப்பு என்னோடதுதான். நம்பி உட்டுட்டேன், சரியா வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். தொட்டியை மூடி போர் போடுவது என்று தீர்மானம். நோட்டு வரிசையாக வந்தது. உனக்கு நேர் முன்னால் வைத்து நானும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்றைக்கும் அப்படியே இருந்தது.

புல் வந்தது. பென்குயின் வந்தது. தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சியது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பீய்ச்சினார்கள், அதைப் பார்க்கத்தான் ஆள் வரும் என்பதால். நீ அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாய். ஆனால் என் பட்டறைக்கு வருவதை நிறுத்தவில்லை. வந்து டீ குடிப்பாய், மற்றதெல்லாம் பேசுவாய். உடைசல் மலையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அதைப் பார்த்து ஒரு கிண்டல் வரும் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். கடைசி வரைக்கும் வரவில்லை. உனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் பசுமை நகர் என்று ஏதோ பரிசுப் போட்டி அறிவித்ததும் தலைவருக்கு மழைநீர் மேல் திடீர்ப் பாசம் பிறந்துவிட்டது. பழைய குழாய் எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. உன் வீட்டுக்குப் போய்க் கேட்க அவர்களுக்கு முகம் இல்லை, என்னை அனுப்பினார்கள். நான் போனேன். எனக்கு மட்டும் முகம் இருக்கிறதா என்ன.

உன் மனைவி உன் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சொட்டு முனைகள், ஊசிகள், தொட்டியின் அளவு எழுதிய காகிதம். அடியில் ஒரு கைக்குட்டையில் சுற்றியபடி அந்தத் திருகு மூடி. பழைய மூடி. உள்ளே, மூடியின் வளைவுக்கு அச்சு எடுத்தது போல, வட்டமாக வெள்ளை மண் இறுகியிருந்தது. மூடியைத் திறந்துவிட்டிருந்தால் அந்த மண் வெளியே ஓடியிருக்கும். திறக்காமல் விட்டால்தான் அப்படித் தேங்கி, வெயிலில் காய்ந்து வில்லையாகும். நான் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். நீயும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பாய்.

"ஆபரேசன் முடிஞ்சி வந்தமே, அன்னிக்கே பூங்காவுக்குத்தாண்ணே போனாரு. வூட்டுக்குள்ள கூட வரல. திரும்பி வந்தப்ப இது கையில இருந்துது" என்றார். "என்னங்க இதுன்னு கேட்டேன். அவன் வார்த்ததுலியே கீறல் இல்லாத உருப்படி இது ஒண்ணுதான், பத்தரமா வையின்னு சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒங்கள்துன்னா எடுத்துக்கங்கண்ணே."

நீ என்னிடம் கேட்டது அதற்கு மறுநாள் காலை. மூடி தொறந்தியா என்று நீ கேட்டபோது இது உன் வீட்டில் இருந்தது. கூட்டத்தில் எழுந்து தப்பு என்னோடது என்று சொன்னபோதும் இருந்தது. நம்பி உட்டுட்டேன் என்றாயே, தொட்டியை நம்பியதைச் சொல்கிறாய் என்று அந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் நினைத்தோம்.

உன் மனைவிக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சங்கத்துக்குப் போனேன். தலைவரும் செயலாளரும் இருந்தார்கள். மூடியை மேசை மேல் வைத்து, அன்றைக்கு இதைத் திறக்காதவன் நான், தொட்டியில் ஒரு குறையும் இல்லை, பாய் மேல் தப்பே கிடையாது என்று சொன்னேன். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்தது. தலைவர் காது குடைந்துகொண்டே கேட்டார். "அதெல்லாம் பழைய கதைங்க. பலக எப்ப ரெடியாவும்?" என்றார். செயலாளர் என் பக்கமே திரும்பவில்லை, போனில் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர்கள் சிரித்துவிடுவார்களே என்று பயந்துதான் அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. இந்த ஆட்களின் சிரிப்புக்கு. அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன். நீ யாரையும் விட்டுவைத்தவன் இல்லை. தலைவரை முகத்துக்கு நேரே திட்டினாய். என் வாசலிலேயே துப்பினாய். இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்? பெருந்தன்மை என்று மற்றவர்கள் சொல்லலாம். உன்னை எனக்குத் தெரியும், உன்னிடம் அது அவ்வளவு கிடையாது. நானே சொல்வேன் என்று காத்திருந்தாயா? இல்லை, திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கிவிட்டாயா? ஒதுக்கினவன் தினம் வந்து டீ குடிப்பானா? இரண்டுக்கும் நடுவில் நான் தூங்காமல் கிடக்கிறேன். நீ ஒரு தரம் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

பலகையில் உன் பெயரைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஒரு வரி கீற எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த நாலு பெயருக்குக் கீழே உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினால் நீ என்னை மன்னிக்கவே மாட்டாய். அவர்கள் பெயர் அவர்களோடு இருக்கட்டும். பெரிய தகடு, சூளையில் கோணினாலும் கோணும். கோணினால் திரும்பச் செய்து தர மாட்டேன்.

அந்த மண் வில்லையைச் சுட்டு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சூளைக்குப் போனால் கல்லாகிவிடும், காலத்துக்கும் இருக்கும். ஆனால் சுட்டால் சுருங்கும், அப்புறம் அந்த மூடிக்குள் அது பொருந்தாது. அதனால் பச்சையாகவே வைத்திருக்கிறேன். சுடாத மண், ஈரம் பட்டால் கரைந்து போகும். ஒரு ஜாடிக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, என் மேசை மேல் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ சொன்னது நிஜம்தான். ஒரு கீறல் இல்லை.

நேற்று சாயங்காலம் மழை வந்தது. இந்த வருடத்து முதல் மழை. பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், குடை எடுக்கவில்லை. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு வெறுங்காலோடு போனேன். போர்டிகோவில் உட்கார்ந்திருந்தார்கள். "பாய் போயிட்டாரு, இப்ப இவரு ஆரம்பிச்சிட்டாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிப்பது மழையைத் தாண்டிக் கேட்டது. உன் காகிதத்து அளவுப்படியே திரும்பப் போட்ட குழாயில் கீழ்க்கிளையும் மூடியும் இருந்தன; நான் குனிந்து மூடியைத் திருகிக் கழற்றினேன். வெள்ளையாகக் கொட்டியது, கால் மேலெல்லாம் தெறித்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். வெள்ளை குறைந்து, தண்ணீர் தெளிந்தது. கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, மூடினேன்.

தொறந்தேன்டா.